சத்தம் அடக்கும் நிபுணர்

டாக்டர்கள் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார்கள். அவள் பிழைப்பே அதில்தான் ஓடியது. நோயாளியைப் பார்த்து முடித்ததும் ஒலிப்பதிவுக் கருவியை வாயருகே வைத்துக்கொண்டு, யாருக்கு என்ன நோவு, எங்கே வீக்கம், எத்தனை வேளை மருந்து என்று பேசித் தள்ளிவிடுவார்கள். சிலர் எதையாவது மென்றுகொண்டே பேசுவார்கள். ஒருவர் கொட்டாவிக்கு நடுவில்தான் மருந்தின் பெயரையே சொல்வார். அந்தக் குரல்களெல்லாம் காலையில் அவள் வீட்டுக் கணினிக்கு வந்து சேரும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலடியில் இருக்கும் பெடலை மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். கேட்டதைக் கேட்டபடி அடித்து மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும். ஐந்து மணிக்கு டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

ஒன்பது வருஷமாக இதே வேலை. அவளுடைய காதுக்கும் விரலுக்கும் நடுவில் மூளை என்று ஒன்று குறுக்கிடுவதே கிடையாது. அந்தத் தொழிலில் அதுதான் கெட்டிக்காரத்தனம், யோசித்து அடிப்பவள் பின்தங்கிவிடுவாள். கம்பெனியில் அவள் வேகத்துக்குப் பக்கத்தில்கூட ஆள் இல்லை. ஆனால் அந்த வேகத்தோடு ஒரு சாபக்கேடும் ஒட்டிக்கொண்டு வந்தது. காதில் விழுந்ததோ கண்ணில் பட்டதோ, எதுவானாலும் கை அடித்துவிடும்.

முதல் தடவை அது இப்படி ஆயிற்று: ‘இடது முழங்காலில் வீக்கம், தொட்டால் வலி, வரும்போது பல்பு ஒன்று வாங்கி வா.’ பல்பு வேண்டியிருந்தது மாடியில் குடியிருக்கும் நாத்தனாருக்கு. அவர் தன் தம்பிக்கு அனுப்பிய செய்தி, அவள் கணவரான அந்தத் தம்பியின் கைப்பேசி வீட்டுக் கணினியோடும் இணைந்திருந்ததால், ‘டிங்’ என்று திரையின் மூலையில் எட்டிப் பார்த்தது. அவள் கண் அங்கே போனது. கை கண்ணுக்குப் பின்னாலேயே போய்விட்டது.

இரண்டாவது தடவை இன்னும் மோசம். ‘வலது தொடை எலும்பு முறிவு. கட்டுப் போடப்பட்டுள்ளது. இன்று நீங்கள் இன்னும் நடக்கவே இல்லை, எழுந்திருங்கள்!’ இது அவள் கணவர் ஆசையாகப் போட்டு வைத்திருந்த நடைப்பயிற்சிச் செயலியின் கைங்கரியம். போட்ட நாளிலிருந்து அவரும் எழுந்திருக்கவில்லை, அதுவும் கத்துவதை நிறுத்தவில்லை.

கம்பெனியில் தப்புப் பிடிக்கும் மேடத்துக்கு எல்லாரும் வைத்த பெயர் சிவப்பு மை. அந்தச் சிவப்பு மை அன்று போன் போட்டுப் பேசினார்.

“கால் ஒடிஞ்சு கெடக்கிற ஆள எழுந்து நடன்னு சொல்லியிருக்க. டாக்டர் பாக்கறதுக்கு முன்னாடி நான் பாத்தேன், தப்பிச்ச. ரெண்டு ஆச்சும்மா. மூணாவது நடந்தா எனக்கு போன்கூடப் போடாத. ஹெட்போன நீயே கழட்டி வச்சிடு.”

“இனிமே நடக்காது மேடம்,” என்றாள். சொல்லும்போதே மூலையில் ஒரு டிங் கேட்டது.

அந்த வீட்டில் எல்லாம் எல்லாருக்கும் பொது. அலமாரி பொது, துண்டு பொது, அவள் காபியில்கூட மகள் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் கொடுப்பாள். கணினி இருந்ததும் படுக்கையறை மூலையில், இஸ்திரி மேஜைக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவே. இன்டர்நெட் ஒயர் உள்ளே வருவதால் அந்தக் கதவை முழுசாகச் சாத்தவும் முடியாது. ஆனால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் அவள் யாருக்கும் மனைவியில்லை, அம்மாவில்லை. வேலை தெரிந்த ஒரு மனுஷி. அதையும் பிடுங்கிவிட்டால் தனக்கென்று மிச்சம் என்ன இருக்கும் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவளே எல்லா டிங்கையும் நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் கணினியில் எதைத் தொட்டாலும் அது பாஸ்வேர்டு கேட்கும், பாஸ்வேர்டு கணவரிடம் இருந்தது. கேபிள் இழுக்கும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு, முதுகுவலி என்று வீட்டோடு தங்கிவிட்ட மனிதர். குழாய் சொட்டினாலும், பால் பொங்கி வழிந்தாலும், மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், “செட்டிங்ஸ்ல ஏதோ தப்பு இருக்கு,” என்பார். தெருவில் அவர் பெயரே செட்டிங்ஸ் ஆகிவிட்டது. அது பட்டமா கேலியா என்று அவர் இன்றுவரை ஆராயவில்லை.

மறுநாள் காலை எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் விஷயத்தைச் சொன்னாள். எல்லா டிங்கையும் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் தன் வேலை போய்விடும். எல்லாரும் “ஐயோ பாவம்,” என்றார்கள். பிறகு ஆளுக்கொரு விலக்குக் கேட்டார்கள்.

“எல்லாத்தையும் நிறுத்து தம்பி, என்னோடத மட்டும் விட்டுடு,” என்றார் நாத்தனார். “அவசரம்னா நான் என்ன மாடியிலருந்து கத்தவா முடியும்?” மாடிக்கும் கீழுக்கும் பதினான்கு படி.

“காலேஜ் குரூப் மட்டும் இருக்கட்டும்மா,” என்றாள் மகள். “அதுல நூத்துக்கு ஒன்னு முக்கியமா இருக்கும்.”

“மத்த தொண்ணூத்தொம்பது?”

“அதப் படிச்சாத்தானம்மா எது அந்த ஒன்னுன்னு தெரியும்.”

கணவருக்கு மட்டும் பத்தொன்பது டிங் இருந்தது. நடைப்பயிற்சி, தூக்கத்தின் தரம், தண்ணீர் குடிக்கும் நேரம், எங்கோ ஒரு எரிமலை புகைகிறதா இல்லையா, எல்லாம் அதில் அடக்கம்.

“வானிலைய நிறுத்திட்டா மழை வர்றது எப்படித் தெரியும்?” என்றார்.

“ஜன்னல் இருக்குங்க.”

“ஜன்னல் மழை வந்தப்புறம்தான் சொல்லும். இது வர்றதுக்கு முன்னாடியே சொல்லும்.” சொன்னவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மார்பைத் தட்டிக்கொண்டார். “சரி சரி, என்கிட்ட விட்டுடு. இன்னிக்கி மத்தியானத்துக்குள்ள இந்த வீட்டுக் கம்ப்யூட்டர் மூச்சுவிடற சத்தம்கூடக் கேக்காது.”

அவள் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். ஒன்பதரைக்கு உட்கார்ந்தவர் ஒரு மணிக்குத்தான் எழுந்தார். ஒவ்வொரு டிங்கையும் அணைப்பதற்கு முன் அது இதுவரை என்னென்ன சொல்லியிருக்கிறது என்று ஒரு தடவை முழுசாகப் படித்தார். சிலவற்றுக்குப் பதிலும் போட்டார். நடுவில் உறவுக்காரர்கள் குழுவில், ‘எங்கள் வீட்டுக் கணினி இன்று முதல் அமைதி காக்கிறது’ என்று ஒரு அறிவிப்பை வெளியிட்டார். அதற்கு இருபத்திரண்டு பேர் வாழ்த்துச் சொன்னார்கள், இருபத்திரண்டும் டிங். அவள் பின்னால் நின்றுகொண்டு, அடிக்க வேண்டிய பதிவுகள் பதினெட்டையும் மணியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையைக் காப்பாற்ற வந்தவரே வேலை செய்ய விடவில்லை. சொன்னால் கோபித்துக்கொண்டு அரைகுறையாக விட்டுவிடுவார் என்று வாயைக் கட்டிக்கொண்டாள்.

“முடிஞ்சுது,” என்று அவர் எழுந்தபோது திரை துடைத்துவிட்டாற்போல இருந்தது. மூலையில் ஒன்றும் இல்லை. “‘முழு அமைதி’ன்னு ஒரு சாஃப்ட்வேர், நானே தேடிப் பிடிச்சு போட்டிருக்கேன். இனிமே ஒரு ஈ உள்ள வராது.”

அவள் மனசார நன்றி சொன்னாள். அவர் இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தது போல நின்றார். அவளுக்கு நேரமில்லை, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

மூன்றே கால் மணி நேரம் அசுர வேகத்தில் அடித்தாள். காலையில் போன நேரத்தையெல்லாம் பிடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக முடித்து அனுப்பிக்கொண்டே வந்தாள். டிங் இல்லாத உலகம் இவ்வளவு சுகமா என்றிருந்தது.

நாலு இருபதுக்குக் கைப்பேசி அடித்தது. சிவப்பு மை.

“நாலு மெசேஜ் போட்டேன். ஒன்னுக்காவது பதில் உண்டா?”

“மெசேஜ் எதுவும் வரலையே மேடம்.” சொல்லும்போதே புரிந்துவிட்டது. கம்பெனியின் டிங்கையும் சேர்த்து அணைத்திருக்கிறார்.

“நெஞ்சுவலின்னு வந்த ஆளோட ரிப்போர்ட்ட எடு. ரெண்டாவது பக்கம். சத்தமாப் படி.”

அவள் எடுத்தாள். படித்தாள். “‘இதயம்: எல்லா ஒலிகளும் நிறுத்தப்பட்டுவிட்டன. நோயாளி நாளை வீட்டுக்குப் போகலாம்.’”



“அஞ்சு மணிக்கு டாக்டர் கையெழுத்துப் போடுவார்,” என்றார் சிவப்பு மை, குரலைத் தணித்துக்கொண்டு. “ஒரு வார்த்தைய மட்டும் ஒட்டுப் போட்டுத் தராத. மொதல்லருந்து கேட்டு முழுசா புதுசா அடிச்சு அஞ்சுக்குள்ள அனுப்பு. நீயாத் திருத்தினதா வச்சுக்கறேன். அஞ்சு தாண்டினா என் கையில ஒன்னுமில்ல.”

அவள் போனை வைத்தபோது, திரையின் நட்டநடுவில் பச்சைப் பெட்டி ஒன்று அலுங்காமல் தோன்றியது. ‘எல்லா ஒலிகளும் நிறுத்தப்பட்டுவிட்டன. நீங்கள் முழு அமைதியில் இருக்கிறீர்கள்.’ மூன்று விநாடி நின்று மறைந்தது.

“என்னங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் முதுகுவலியை மறந்து ஓடி வந்தார்.

“இந்தப் பெட்டி என்னது?”

“அதுவா? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் வரும். வேண்டாம்னா அணைக்கலாம், நான்தான் இருக்கட்டும்னு விட்டேன்.”

“எதுக்கு?”

“அமைதியா இருக்குன்னு உனக்குத் தெரிய வேண்டாமா? இவ்வளவு வேலை செஞ்சிருக்கேன், செஞ்சது கண்ணுல பட வேண்டாமா?”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கில் முடிந்தால்கூடத் தேவலை, குரங்கு மூன்று விநாடியில் மறையாது, துரத்திவிடலாம். அவள் நடந்ததை இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். பச்சைப் பெட்டியை அணைக்கச் சொன்னாள். அவர் அணைத்தார். அதோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் இஸ்திரி மேஜைக்கு அடியிலிருந்து முக்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். தன் பக்க நியாயத்தைச் சொல்லாமல் அவருக்கு எதுவும் செரிக்காது.

மணி நாலு இருபத்து நாலு. டாக்டரின் பேச்சு பதினோரு நிமிஷம், அடிக்க இருபது நிமிஷம் பிடிக்கும். அவள் பெடலை மிதித்தாள். கொட்டாவி டாக்டரேதான். பெயர், வயது, எடை, இரத்த அழுத்தம் எல்லாம் ஓடியது. “அடுத்த தலைப்பு, நோயாளி தன் வாயால் சொன்னது,” என்றார் டாக்டர். அவள் அடித்தாள். டாக்டர் நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் இருந்தவர் ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஒரு நிமிஷம், இங்க பாரு,” என்று ஆரம்பித்தார்.

அவளுக்கு அவரைத் தள்ளிவிடக் கை ஒழியவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. மணி ஐந்து, மணி ஐந்து என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. விரல்கள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. பத்து நிமிஷம் கழித்து, சரியாகத்தான் போகிறோமா என்று நிமிர்ந்து திரையைப் படித்தாள்.

‘நோயாளி தன் வாயால் சொன்னது: இங்க பாரு. நான் சொல்றத முழுசாக் கேளு. தப்பு என் மேல இல்ல. நான் எதையும் தப்பாச் செஞ்சதே இல்ல. காலைலருந்து முதுகு ஒடிய உக்காந்து யாருக்காகச் செஞ்சேன். ஒரு வார்த்தை நல்லா இருக்குன்னு சொன்னியா. கேட்டத அப்படியே அடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா. அதுக்குப் போயி வீடே வாய மூடிக்கணுமா. இது போனா என்ன, குடியா முழுகிடும். நான் மட்டும் வெளியில இருந்திருந்தா என் திறமைக்கு எங்கயோ போயிருப்பேன். நான் பேசும்போது என் பக்கம் பாரு. நீ எப்பவுமே நான் சொல்றதக் கேக்கறதே இல்ல.’

இப்படியே ஒன்றரைப் பக்கம். ஒரு எழுத்து விடுபடவில்லை, புள்ளிகள்கூட இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

பத்தொன்பது வருஷமாகக் காதால் கேட்டுக்கொண்டிருந்ததை அவள் முதல் தடவையாகப் படித்தாள். கேட்கும்போது அது ஏதோ வீட்டுச் சத்தமாக, மிக்ஸி ஓடுவதுபோலப் போய்விடும். எழுத்தில் போகவில்லை. ‘இது போனா என்ன’ என்ற இடத்தில் அவள் கண் நின்றுவிட்டது. நேற்று ராத்திரி சாப்பிட முடியாமல் எழுந்து போனவள் அவள். அதைப் பார்த்துக்கொண்டுதான் அவர் உட்கார்ந்திருந்தார். கோபம்கூட உடனே வரவில்லை. உள்ளே எதுவோ மரத்துப் போயிற்று.

பக்கத்தில் பேச்சு நின்றபாடில்லை. மணி நாலு முப்பத்தைந்து. இந்த வாய் ஓயாமல் அந்த டாக்டரை அடிக்க முடியாது, வெளியே போங்கள் என்றால் அதற்கு ஒரு அரை மணி நியாயம் வரும். இந்த மனிதரை அடக்க ஒரே வழி, தப்புக் கண்டுபிடிக்கச் சொல்லி எதையாவது கையில் கொடுப்பதுதான். அவள் திரையில் இருந்ததை அச்சுப் போட்டாள். நோயாளியின் பெயரும் வயதும் இருந்த முதல் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதை அவரிடம் நீட்டினாள்.

“இதுல ஏதாவது தப்பு இருக்கான்னு பாத்துச் சொல்றீங்களா? நீங்க பாத்தா சரியா இருக்கும்.”

அவர் முகம் மலர்ந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அறை அமைதியானது. அவள் டாக்டரை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

இரத்த அழுத்தம் வரை வந்திருந்தாள். பக்கத்தில் ‘ம்ச்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

“யாரு இந்த ஆளு?” என்றார் அவர். “எழுத்துப்பிழை எதுவும் இல்ல. ஆனா நெஞ்சுவலின்னு டாக்டர்கிட்ட வந்தவன் பேசற பேச்சா இது? நான், நான்னு எத்தன நான். இவனுக்கு நெஞ்சுல ஒன்னும் இல்ல, எல்லா வியாதியும் வாயிலதான்.” தாளைத் திருப்பினார். தலையை ஆட்டிக்கொண்டார். “பாவம் இவன் பொண்டாட்டி.”

அவள் கால் பெடலிலிருந்து தானாக விலகியது. ஹெட்போனில் டாக்டர் பாதிச் சொல்லில் நின்றார். திரும்பி, அவர் படிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் போகிறது என்று தெரிந்தும் பார்த்தாள்.

அவருடைய உதடுகள் படித்துக்கொண்டே போயின. ‘முழு அமைதிங்கற சாஃப்ட்வேர நானே தேடிப் பிடிச்சு’ என்ற வரியில் வந்து நின்றன. மேலே போய் முதல் வரியிலிருந்து மறுபடி வந்தன. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார். கண்ணாடி செட்டிங்ஸில் தப்பு ஒன்றும் இல்லை. அதே வரிதான் அங்கே இருந்தது.

“எதை எடுக்கணும்னு சொல்லுங்க, எடுத்துடறேன்,” என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். அவள் பத்து விரலையும் விசைப்பலகையின் மேல் வைத்தாள், வேலைக்குத் தயாரான கை எப்படி வைக்குமோ அப்படி. அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். முக்காலியை விட்டு எழுந்தவருக்கு எங்கே போவதென்று தெரியவில்லை, செருப்பு அலமாரியோரமாகத் தாளோடு நின்றார்.

மணி நாலு முப்பத்தெட்டு. அவள் பெடலை மிதித்தாள். இந்தத் தடவை டாக்டரைத் தவிர அந்த உலகத்தில் யாரும் பேசவில்லை. நோயாளி தன் வாயால் சொன்னது மொத்தமே இரண்டு வரிதான்: படியேறினால் மூச்சு வாங்குகிறது, இடது கை மரத்துப் போகிறது. இதயத்தின் ஒலிகள் சீராக இருந்தன. அவள் ஒரு தடவை முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டு நாலு ஐம்பத்தேழுக்கு அனுப்பினாள். அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல அந்தக் கணினியில் இப்போது ஒரு டிங்கும் இல்லையே. போன் போட்டாள்.

“வந்துடுச்சு,” என்றார் சிவப்பு மை. “பாத்துட்டேன். சுத்தமா இருக்கு. அந்த ஆளுக்கு இதயமும் துடிக்குது. மீதி நாலையும் நாளைக்கி அனுப்பினாப் போதும், எட்டரைக்கு உக்காந்துடு.”

“சரிங்க மேடம்.” அவள் போனை வைத்துவிட்டு ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிக்கொண்டாள். காதெல்லாம் வேர்த்திருந்தது.

அவர் இன்னும் அலமாரியோரம்தான் நின்றிருந்தார். தாளை நாலாக மடித்து, விரித்து, மறுபடி மடித்திருந்தார். வேலை நிலைத்ததா போயிற்றா என்று கேட்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், கொஞ்சம் அழுதுகூட இருப்பாள்.

“இத வேற யாருக்காவது அனுப்பிட்டியா?” என்றார் மெதுவாக.

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“இல்லங்க,” என்றாள். “நோயாளி சொன்னத வெளியில விடக் கூடாது. எங்க தொழில்ல அது மொதல் விதி.”

மீதி இருந்த நாலு பதிவுகளை நாளைக்குத் தள்ளி வைத்துவிட்டு, கதவு எவ்வளவு சாத்துமோ அவ்வளவு சாத்திக்கொண்டு வெளியே போனாள்.